இருபத்தேழு பேர் வந்தார்கள், இருபத்தேழு பேரும் திரும்பினார்கள்: பேஸ்பாலில் பெர்ஃபெக்ட் கேம் என்றால் என்ன?

பேஸ்பால் ஸ்கோர் பலகையில் ஒவ்வொரு அணியின் பெயருக்கு நேரேயும் கடைசியில் மூன்று கட்டங்கள் இருக்கும். எத்தனை ரன், எத்தனை ஹிட், எத்தனை பிழை. எட்டாவது இன்னிங்ஸ் நடக்கும்போது டிவியைப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணிக்கு நேரே ரன்னும் பூஜ்யம், ஹிட்டும் பூஜ்யம். ஏதோ பெரிய விஷயம் நடக்கிறது என்பது புரியும். எவ்வளவு பெரியது என்பதைப் பலகை முழுதாகச் சொல்லாது. அதற்கு வீரர்கள் உட்காரும் பெஞ்சைப் பார்க்க வேண்டும். பந்து வீசுகிறவர் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு இரு பக்கமும் இடம் காலியாக இருக்கும். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள்கூட அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். கண்ணேறு பட்டுவிடும் என்கிற பயம்தான். யாரும் வாய் திறந்து சொல்லக் கூடாத அந்த விஷயத்துக்குப் பெயர் பெர்ஃபெக்ட் கேம்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் அடிப்படை. கிரிக்கெட் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் ஒரு முறை பேட் செய்யும். மூன்று பேர் அவுட் ஆனால் அந்தப் பக்கத்து முறை முடிந்தது. ஆக, ஒன்பது இன்னிங்ஸுக்கு 27 அவுட். பந்து வீசுகிறவர் பிட்சர். கிரிக்கெட்டில் போல ஓவருக்கு ஓவர் ஆள் மாறுவதில்லை. பயிற்சியாளர் மாற்றும்வரை ஒரே பிட்சர்தான் வீசிக்கொண்டே இருப்பார். அடிக்க நிற்பவர் பேட்டர். அவர் அடித்துவிட்டு 90 அடி தூரத்தில் இருக்கும் முதல் பேஸுக்கு ஓட வேண்டும். (பேஸ் என்பது தரையில் வைத்திருக்கும் நிலை. மூன்று பேஸையும் சுற்றி, அடித்த இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன்.) பந்து அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அவர் அவுட்.

பேட்டர் முதல் பேஸுக்குப் போய்ச் சேரப் பல வழிகள் உண்டு. ஒழுங்காக அடித்து ஓடினால் அது ஹிட். பிட்சர் அடிக்க முடியாத இடத்தில் நான்கு பந்துகள் போட்டுவிட்டால், ஓடவே வேண்டாம், நடந்தே போகலாம். அதற்கு வாக் என்று பெயர். பந்து உடம்பில் பட்டாலும் போகலாம். எதிரணி ஃபீல்டர் பந்தைத் தவறவிட்டாலும் போகலாம்.

இவற்றில் ஒன்றுகூட நடக்காமல், வருகிறவரையெல்லாம் வரிசையாகத் திருப்பி அனுப்புவதுதான் பெர்ஃபெக்ட் கேம். 27 பேட்டர்கள் வருவார்கள், 27 பேரும் அவுட். ஒருவர் காலும் முதல் பேஸைத் தொடாது.

இதற்குச் சற்றுக் கீழே இருப்பது நோ-ஹிட்டர். அதில் ஹிட் மட்டும் இருக்கக் கூடாது. வாக், பிழை இதெல்லாம் இருக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஸ்கோர் பலகையில் வாக் என்பதற்குக் கட்டமே இல்லை என்பதால், முதல் இன்னிங்ஸில் ஒருவர் நடந்து போனதை நீங்கள் பார்க்காமல் விட்டிருந்தால் பலகையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருப்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அமெரிக்கப் பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக் வரலாற்றில் நோ-ஹிட்டர்கள் 300-க்கும் மேல் உண்டு. 1880-இல் விழுந்த முதல் பெர்ஃபெக்ட் கேமிலிருந்து 2023 வரை எண்ணினால் அதிகாரபூர்வப் பட்டியலில் இருப்பவை 24. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் 24. இரண்டு முறை செய்தவர் ஒருவரும் இல்லை. நோலன் ரயன் ஏழு நோ-ஹிட்டர் வீசியவர், அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. அந்த ஏழில் ஒன்றுகூடப் பெர்ஃபெக்ட் இல்லை.

இன்னொரு சின்னக் கணக்கு எனக்குப் பிடிக்கும். பேட் செய்கிற வரிசையில் ஒன்பது பேர். 27 பேர் வந்து 27 பேரும் அவுட் என்றால், அந்த வரிசை சரியாக மூன்று சுற்று சுற்றி நிற்கிறது. அதாவது, கடைசி அவுட்டுக்கு வருகிறவர் எப்போதும் வரிசையின் ஒன்பதாவது ஆள். பொதுவாக அணியிலேயே சுமாராக அடிப்பவர், அல்லது அவருக்குப் பதிலாக அவசரமாக இறக்கப்பட்ட மாற்று ஆட்டக்காரர். அத்தனை பதற்றமும் கடைசியில் வந்து நிற்பது அப்படி ஒருவரிடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, இவ்வளவு அரிதான ஒன்றைச் செய்தவர்கள் எல்லாம் மகா கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டும் அல்லவா? சிலர் அப்படித்தான். சை யங், சாண்டி கூஃபாக்ஸ், 40 வயதில் செய்த ராண்டி ஜான்சன். ஆனால் பட்டியலைக் கீழே வரை படித்தால், இவர் எப்படி இங்கே வந்தார் என்று கேட்க வைக்கும் பெயர்களும் இருக்கின்றன. 2012-இல் செய்த பிலிப் ஹம்பரின் மொத்த வாழ்க்கைக் கணக்கு 16 வெற்றி, 23 தோல்வி. 2023-இல் செய்த டொமிங்கோ ஹெர்மான், அதற்கு முந்தைய ஆட்டத்தில் 10 ரன் கொடுத்துவிட்டு வந்தவர். அதற்கும் ஒரு மாதம் முன்னால், கையில் ஒட்டும் பொருள் இருந்ததாக அம்பயர்கள் வெளியேற்றியதால் 10 ஆட்டத் தடை வாங்கியிருந்தார்.

இந்த வகையில் தலைமகன் டான் லார்சன்.

1956 அக்டோபர் 8. நியூயார்க் யாங்கீஸும் புரூக்ளின் டாட்ஜர்ஸும் மோதிய உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். (அந்த ஆண்டின் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் தொடர் அது. உலகத் தொடர் என்று பெயர்தான், அன்று ஆடிய இரண்டு அணிகளும் ஒரே ஊர்.) தொடர் இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நின்றது. இரண்டாவது ஆட்டத்தில் 6 ரன் முன்னிலையைக் கையில் கொடுத்தும் லார்சனால் இரண்டு இன்னிங்ஸ்கூட முழுதாக வீச முடியவில்லை. வாக் மேல் வாக் கொடுத்து வெளியேற்றப்பட்டார், யாங்கீஸ் தோற்றது. இரண்டு வருடங்களுக்கு முன் பால்டிமோரில் ஆடிய பருவத்தில் அவருடைய கணக்கு 3 வெற்றி, 21 தோல்வி. இனி இந்தத் தொடரில் தனக்கு வேலை இல்லை என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

யாங்கீஸில் ஒரு வழக்கம் இருந்தது. அன்றைக்கு யார் பிட்சர் என்பதை வாயால் அறிவிக்க மாட்டார்கள். அவருடைய ஷூவுக்குள் ஒரு புதுப் பந்தை வைத்துவிடுவார்கள். காலையில் வந்த லார்சன் தன் ஷூவைப் பார்த்தார். பந்து இருந்தது.

அன்று 97 பந்துகள் வீசினார். இரண்டாவது இன்னிங்ஸில் ஜாக்கி ராபின்சன் பலமாக அடித்த பந்து மூன்றாவது பேஸ்காரர் ஆண்டி கேரியின் கையில் பட்டுத் தெறித்தது. அது தெறித்த திசையில் கில் மெக்டூகல்ட் நின்றார். எடுத்து எறிந்தார், ராபின்சன் மயிரிழையில் அவுட். ஐந்தாவதில் கில் ஹாட்ஜஸ் தூக்கி அடித்ததை மிக்கி மேன்டில் வெகுதூரம் ஓடிப் பிடித்தார். ஏழாவது இன்னிங்ஸ் வாக்கில், பெஞ்சில் லார்சனுக்கே பொறுக்கவில்லை. மேன்டிலிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். மேன்டில் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். வர்ணனையாளர்கள்கூட அந்த வார்த்தையைச் சொல்லாமல், டாட்ஜர்ஸ் இதுவரை இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் போனார்கள் என்று சுற்றி வளைத்தே பேசினார்கள்.

26 பேர் முடிந்தார்கள். ஒன்பதாவது ஆள் வர வேண்டிய இடம். அது டாட்ஜர்ஸ் பிட்சரின் இடம். அவருக்குப் பதிலாக டேல் மிட்செல் வந்தார். கடைசிப் பந்து வெளிப்பக்கமாக வந்தது. மிட்செல் பேட்டைச் சுழற்ற ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பின்னால் நின்ற அம்பயர் பேப் பினெல்லி, ஸ்டிரைக் என்று கையை உயர்த்தினார். (அடிக்கக்கூடிய பந்தை விட்டாலோ, சுழற்றித் தவறவிட்டாலோ அது ஸ்டிரைக். மூன்று ஆனால் அவுட்.) ஆட்டம் முடிந்தது. கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) யோகி பெரா ஓடிப் போய் லார்சன் மேல் தாவி ஏறிக்கொண்ட புகைப்படத்தை அமெரிக்காவில் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் பந்து ஸ்டிரைக்கே இல்லை என்று மிட்செல் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பினெல்லிக்கு அதுதான் பிளேட்டுக்கு, அதாவது பேட்டர் நிற்கும் இடத்துக்கு, பின்னால் நின்று நடத்திய கடைசி ஆட்டம். தொடரோடு ஓய்வு பெற்றார்.

உலகத் தொடரில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. லார்சன் மொத்தக் கணக்கு 81 வெற்றி, 91 தோல்வி என்று ஆட்டத்தை விட்டார். 1999 ஜூலை 18 அன்று யாங்கீ மைதானத்தில் யோகி பெராவைச் சிறப்பிக்கும் விழா நடந்தது. லார்சன் வந்து சம்பிரதாயமாக முதல் பந்தைப் போட, அன்றைய கேட்சரின் கையுறையை இரவல் வாங்கி பெரா அதைப் பிடித்தார். அப்புறம் இருவரும் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார்கள். அன்றைக்கு மான்ட்ரியல் எக்ஸ்போஸுக்கு எதிராக டேவிட் கோன் என்ன வீசினார் தெரியுமா? பெர்ஃபெக்ட் கேம். இதைக் கதையில் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார்.

ராபின்சன் அடித்த பந்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. பெர்ஃபெக்ட் கேம் பிட்சரின் பெயரில் எழுதப்படுகிறது. ஆனால் 27 பேரையும் அவர் ஒருவரே திருப்பி அனுப்புவதில்லை. பந்து பேட்டில் பட்ட அடுத்த கணம் அவர் பெரும்பாலும் பார்வையாளர்தான். கேரியின் கையில் பட்ட பந்து இரண்டு அடி தள்ளித் தெறித்திருந்தால் லார்சனை இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

2009 ஜூலை 23, சிகாகோ. மார்க் பர்லி எட்டு இன்னிங்ஸை இப்படி முடித்திருந்தார். ஒன்பதாவதுக்கு வெளிமைதானத்தில் டிவெய்ன் வைஸ் என்பவரை இறக்கினார்கள். நன்றாகப் பிடிப்பார் என்பதற்காக மட்டும். அந்த இன்னிங்ஸின் முதல் பேட்டர் கேப் கேப்ளர் அடித்த பந்து நேராகச் சுவருக்கு மேலே போனது, நம் சிக்ஸர் மாதிரி ஹோம் ரன்தான். வைஸ் ஓடி வந்து சுவரில் எகிறிக் கையுறையைச் சுவருக்கு அப்பால் நீட்டிப் பந்தைப் பிடித்தார். கீழே விழும்போது பந்து கையுறையிலிருந்து நழுவியது. உருண்டுகொண்டே வெறுங்கையால் மறுபடி பிடித்தார். அன்றைக்கு வைஸ் மைதானத்துக்கு வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. பர்லிக்கு அதிபர் ஒபாமா போன் செய்து வாழ்த்தினார்.

வெகு பழைய காலத்திலேயே இது இப்படித்தான். முதல் பெர்ஃபெக்ட் கேம் 1880 ஜூன் 12, உஸ்டர் அணிக்காக லீ ரிச்மண்ட் வீசியது. அதில் ஒரு பேட்டர் வலது வெளிமைதானத்துக்கு அடித்த பந்து ஹிட்டாகியிருக்க வேண்டும். அங்கே நின்ற லான் நைட் பந்தை எடுத்து நேராக முதல் பேஸுக்கு எறிந்து ஆளை அவுட் ஆக்கிவிட்டார். வெளிமைதானத்திலிருந்து முதல் பேஸில் அவுட் ஆக்குவது இப்போதும் எப்போதாவது பார்க்கிற காட்சிதான். (அந்தக் காலத்தில் விதிகளே வேறு. வாக் கிடைக்க எட்டுப் பந்துகள் வெளியே போக வேண்டும். பிட்சர் இன்றைக்கு நிற்பதைவிட 15 அடிக்கு மேல் கிட்டத்தில் நின்று வீசினார்.) வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஐந்தாவது நாளே ஜான் வார்டு இரண்டாவதை வீசிவிட்டார். சரி, மாதம் ஒன்று வரும்போல என்று அன்றைய ஆட்கள் நினைத்திருந்தால் தப்பில்லை. மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அடுத்தது வந்தது 1964-இல். ஜிம் பன்னிங் வீசியது. அவர் பெஞ்சில் மௌன விரதமெல்லாம் இருக்கவில்லை. வாயாரப் பேசிக்கொண்டே வீசினார். கண்ணேறு எதுவும் படவில்லை.

ஃபீல்டர்கள் மட்டும் போதாது. தன் அணி ஒரு ரன்னாவது எடுக்க வேண்டும். இது ரொம்பச் சாதாரணமான நிபந்தனை மாதிரி தெரியும். ஹார்வி ஹாடிக்ஸைக் கேட்டால் தெரியும்.

1959 மே 26, மில்வாக்கி. பிட்ஸ்பர்க் பைரட்ஸின் ஹாடிக்ஸ் சளியோடும் காய்ச்சலோடும் வந்து வீச ஆரம்பித்தார். ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரையும் திருப்பி அனுப்பினார். வேறு எந்த நாளாக இருந்தாலும் அவரைத் தோளில் தூக்கியிருப்பார்கள். ஆனால் அவருடைய அணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை. எதிரே வீசிய லூ பர்டெட் ஹிட் மேல் ஹிட் கொடுத்துக்கொண்டே இருந்தார், மொத்தம் 12. ஆனால் ரன் மட்டும் கொடுக்கவில்லை. ஆட்டம் நீண்டது. பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது. ஹாடிக்ஸ் 36 பேரை வரிசையாக அவுட் ஆக்கியிருந்தார். பேஸ்பாலில் அப்படி ஓர் ஆட்டத்தை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

பதின்மூன்றாவதில் மூன்றாவது பேஸ்காரர் டான் ஹோக் பந்தை எடுத்துத் தப்பாக எறிந்தார். பேட்டர் முதல் பேஸை அடைந்தார். அவ்வளவுதான், பெர்ஃபெக்ட் போனது. அவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார்கள். ஹாங்க் ஆரன் வந்ததும் வம்பு வேண்டாம் என்று ஹாடிக்ஸ் அவருக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தார். அடுத்து வந்த ஜோ ஆட்காக் வேலிக்கு வெளியே அடித்தார். ஓடும் குழப்பத்தில் ஆரன் பாதையை விட்டு விலக, பின்னால் வந்த ஆட்காக் அவரைத் தாண்டிவிட, விதிப்படி ஹோம் ரன் ரத்தாகி ஸ்கோர் 1-0 என்று பதிவானது. எப்படிப் பதிவானால் என்ன, ஹாடிக்ஸ் தோற்றார். 1991-இல் லீக் இந்த வரையறையை இறுக்கியது: ஆட்டம் முடியும்வரை ஒருவர்கூட பேஸை அடைந்திருக்கக் கூடாது. ஹாடிக்ஸ் பட்டியலிலிருந்து வெளியே போனார். பன்னிரண்டு இன்னிங்ஸ் குறையில்லாமல் வீசியவருக்குப் பட்டியலில் இடமில்லை. ஒன்பது வீசியவர்களுக்கு இருக்கிறது. விதி சரிதான். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

இதற்கு நேர் எதிர் மாதிரி ஒன்று: 1965 செப்டம்பர் 9, லாஸ் ஏஞ்சலஸில் சாண்டி கூஃபாக்ஸ். அன்று எதிரே வீசிய பாப் ஹெண்ட்லி மொத்த ஆட்டத்திலும் கொடுத்தது ஒரே ஒரு ஹிட். டாட்ஜர்ஸ் எடுத்த ஒரே ரன்னுக்கும் அந்த ஹிட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு வாக், ஒரு மெல்லிய தட்டு, ஒரு திருட்டு ஓட்டம் (பேட்டர் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), கேட்சரின் ஒரு தப்பான எறி, இப்படி வந்தது அது. கூஃபாக்ஸ் 14 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், கடைசி ஆறு பேர் உட்பட. வாழ்நாளிலேயே சிறந்த ஆட்டங்களில் ஒன்றை ஆடிவிட்டு ஹெண்ட்லி தோற்றுப் போனார். அவரைப் பற்றி இப்படி யாராவது எப்போதாவது ஒரு வரி எழுதுவதோடு சரி.

இப்போதெல்லாம் இன்னொரு தடையும் சேர்ந்திருக்கிறது. பிட்சர்களின் தோளும் முழங்கையும் லட்சக்கணக்கான டாலர் பெறுமானமுள்ளவை. இத்தனை பந்துக்கு மேல் வேண்டாம் என்று கணக்கு வைத்து மாற்றிவிடுகிறார்கள். 2022 ஏப்ரலில் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ், 80 பந்து, ஒருவரையும் பேஸுக்கு விடாமல் வீசிக்கொண்டிருந்தபோது பயிற்சியாளர் அவரை வெளியே எடுத்தார். குளிர், அந்தப் பருவத்தில் அவருக்கு முதல் ஆட்டம், பயிற்சிக் காலமும் குறைவு. கெர்ஷாவே அது சரியான முடிவு என்றுதான் சொன்னார். ரசிகர்கள் அப்படிச் சொல்லவில்லை.

மிச்சம் இருப்பது அம்பயர்.

மிட்செலுக்கு பினெல்லி கையை உயர்த்தினார், லார்சன் வரலாற்றில் போனார். 1972 செப்டம்பர் 2, சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் மில்ட் பாப்பாஸுக்கு அந்தக் கை உயரவில்லை. 26 பேர் அவுட். இருபத்தேழாவது ஆள் லேரி ஸ்டாலுக்கு இரண்டு ஸ்டிரைக் ஆகிவிட்டது, இன்னும் ஒன்றே ஒன்று. அடுத்த மூன்று பந்துகளையும் அம்பயர் புரூஸ் ஃப்ரோமிங் வெளியே என்றார். வெளியே போன பந்து நான்கு ஆகி ஸ்டால் நடந்து போனார். பாப்பாஸ் அடுத்தவரை அவுட் ஆக்கி நோ-ஹிட்டரோடு முடித்தார். அந்தப் பந்துகள் ஓரத்தில் விழுந்தவை, எப்படியும் சொல்லலாம். பாப்பாஸ் அதற்குப் பிறகு 40 வருடத்துக்கும் மேல் வாழ்ந்தார். அந்த அம்பயர் மேல் இருந்த கோபம் தணியவே இல்லை.

இனி 2010. ஒரே மாதத்தில் இரண்டு பெர்ஃபெக்ட் கேம் விழுந்திருந்த ஆண்டு அது: மே 9 அன்னையர் தினத்தில் ஓக்லண்டின் டாலஸ் பிரேடன், மே 29-இல் ஃபிலடெல்ஃபியாவின் ராய் ஹாலடே. ஜூன் 2, டெட்ராய்ட். டைகர்ஸ் அணிக்காக அர்மாண்டோ கலாரகா வீசினார். வெனிசுலாக்காரர், வயது 28, சில வாரங்களுக்கு முன்தான் கீழ்மட்ட அணியிலிருந்து மேலே அழைத்திருந்தார்கள். எதிரணி கிளீவ்லண்ட்.

எட்டு இன்னிங்ஸ் முடிந்தது. ஒன்பதாவதின் முதல் பேட்டர் அடித்த பந்து மைதானத்தின் ஆழத்துக்குப் பறந்தது. நடு வெளிமைதானத்தில் நின்ற ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி, தோளுக்கு மேலாக வந்த பந்தைப் பிடித்தார். அது பிடிபட்டபோது, இன்று நடந்துவிடும் என்று மைதானம் முழுக்க நம்பிவிட்டது. அடுத்தவர் எளிதாக அவுட். 26.

வரிசையின் ஒன்பதாவது ஆள் வந்தார். ஜேசன் டொனால்ட் என்ற இளைஞர். முதல் பேஸுக்கும் இரண்டாவது பேஸுக்கும் நடுவில் தரையோடு அடித்தார். முதல் பேஸ்காரர் மிகெல் கப்ரேரா பக்கவாட்டில் ஓடிப் பந்தை எடுத்தார். அவர் பேஸை விட்டு விலகி வந்துவிட்டதால், பிட்சர் ஓடிப் போய் பேஸைக் காக்க வேண்டும். பேஸ்பாலில் பிட்சர்களுக்குச் சிறுவயதிலேயே பழக்கிவிடுகிற வேலை அது. கலாரகா ஓடினார். கப்ரேரா எறிந்தார். கலாரகாவின் கையுறைக்குள் பந்து வந்தது, கால் பேஸில் பட்டது, அதற்குப் பிறகு டொனால்ட் வந்து சேர்ந்தார். கப்ரேரா கையைத் தூக்கிக் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்.

முதல் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். அவுட் இல்லை.

கலாரகா சிரித்தார். அதிர்ச்சியில் வாய் பிளக்கவில்லை, அம்பயரைப் பார்த்துக் கத்தவில்லை. சரி, அப்படியா என்பது போல ஒரு சிரிப்பு. திரும்பி நடந்து வந்து பந்து வீசும் மேட்டில் ஏறினார். மற்ற டைகர்ஸ் வீரர்கள் கத்தினார்கள், பயிற்சியாளர் ஜிம் லேலண்ட் ஓடி வந்து வாதாடினார். கலாரகா அடுத்த பேட்டரை அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்தார். 88 பந்துகள். 3-0. ஹிட் கட்டத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 1.

அன்றைக்கு வீடியோ மறுபார்வை இருந்தது, ஹோம் ரன் எல்லையைப் பார்ப்பதற்கு மட்டும். பேஸில் அவுட்டா இல்லையா என்பதற்கு அம்பயரின் கண் ஒன்றுதான். ஜாய்ஸ் 20 வருடத்துக்கு மேல் அனுபவமுள்ளவர், வீரர்களிடம் நல்ல பெயர் உள்ளவர். ஆட்டம் முடிந்து அறைக்குப் போய் வீடியோவைப் பார்த்தார். பார்த்ததும் உடைந்துவிட்டார். நிருபர்களிடம் ஒளிக்காமல் சொன்னார்: அந்தப் பையனின் பெர்ஃபெக்ட் கேமை நான் கெடுத்துவிட்டேன் என்று. கலாரகாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அவர் வந்ததும் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டார். கலாரகா அவரைக் கட்டிக்கொண்டார். பிறகு நிருபர்களிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: யாரும் பெர்ஃபெக்ட் இல்லை.

லீக்கின் ஆணையர் பட் செலிக் தீர்ப்பை மாற்றவில்லை. வெள்ளை மாளிகை வரைக்கும் பேச்சு போனது, கவர்னர் அறிக்கை விட்டார், ஒன்றும் நகரவில்லை. பேஸில் நடக்கும் தீர்ப்புகளையும் வீடியோவில் பார்க்கலாம் என்ற விதி 2014-இல் வந்தது. இன்று அதே பந்துக்கு ஒரு நிமிடத்தில் முடிவு மாறியிருக்கும். 2010-இன் பட்டியலில் மூன்றாவதாக கலாரகாவின் பெயர் இருந்திருக்கும். பத்தோடு பதினொன்றாக, இன்றைக்கு நினைவு வைத்திருப்பவர்கள் டெட்ராய்ட்டில் மட்டும் இருந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. அதனால் நடந்தது நல்லது என்று சொல்ல வரவில்லை. ஒருவரிடமிருந்து எடுத்ததை எடுத்ததுதான்.

மறுநாள் பகலிலும் அதே அணிகளுக்கு அதே மைதானத்தில் ஆட்டம். முறைப்படி அன்று ஜாய்ஸ் பிளேட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டிய நாள். வேண்டாமென்றால் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றது லீக், அவர் வந்தார். ஆட்டம் தொடங்குமுன் இரு அணிகளும் வீரர் பட்டியலை எழுதிய அட்டையை அம்பயரிடம் கொடுக்க வேண்டும். வழக்கமாகப் பயிற்சியாளரோ உதவியாளரோ கொண்டு வருவார். லேலண்ட் அன்றைக்கு அதைக் கலாரகாவிடம் கொடுத்து அனுப்பினார். ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அட்டையை வாங்கினார். கலாரகாவின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்.